பதினோரு ரூபாய்க்கு முடிந்திருக்க வேண்டிய நாய்

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை, காலை 9.40.

அன்புள்ள மச்சான் இருதயராஜுக்கு,

உன் அக்கா புருஷன் சவரிநாதன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையாலும், அந்தோணியார் தயவாலும், கால்நடை டாக்டர் போட்ட ஊசியாலும் இங்கே நான், உன் அக்கா இருதயமேரி, எங்கள் நாய் எக்ஸ்பிரஸ் மூவரும் சுகமாக இருக்கிறோம். விழுப்புரத்தில் நீயும் கலையரசியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது தாக்குப்பிடிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை 5.22க்கு நீ போன் செய்து, "மாமா, நாங்களும் ஒரு நாய்க்குட்டி எடுக்கலாம்னு இருக்கறோம், காசு குடுத்து வாங்குறதா, இல்ல காப்பகத்துல போயி சும்மா எடுத்துக்கினு வர்றதா, எவ்ளோ ஆவும்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் அறுந்துபோனது. மாமா வேண்டுமென்றே கட் பண்ணிவிட்டார் என்று கலையரசி சொல்லியிருப்பாள். நான் கட் பண்ணவில்லை. எக்ஸ்பிரஸ் என் கையிலிருந்து போனைக் கவ்விக்கொண்டு ஓடி, வாழை மரத்தடி ஈரத்தில் புதைத்துவிட்டான். தோண்டி எடுத்துக் கடையில் கொடுத்தால், "சார், தண்ணி பட்ட போன் பாத்துருக்கேன், பல்லு பட்ட போன இப்பதான் பாக்கறேன்" என்று ஆயிரத்துத் தொள்ளாயிரம் கேட்கிறான். அதனால்தான் கடிதம். தபாலை நம்பவில்லை, மதியம் 1.20 விழுப்புரம் வண்டியின் கண்டக்டர் நமக்குப் பழக்கம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். வாங்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படி.

நாய் ஆசை எனக்கும் வந்ததில்லை, உன் அக்காவுக்கும் வந்ததில்லை. ஓய்வு பெற்றதால் வந்த வினை அது. முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்து டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் நிமிஷம் குறித்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டி வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவன் என்ன செய்வான்? வீட்டில் நடப்பதைக் குறிப்பான். குக்கர் 11.17க்கு அடுப்பில் ஏறியது, முதல் விசில் 11.31, போன வியாழக்கிழமையைவிட மூன்று நிமிஷம் லேட் என்று நான் தன்மையாகத்தான் சொன்னேன். உன் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஒண்ணு உங்களுக்கு ஒரு டூட்டி வேணும், இல்லன்னா எனக்கு வேற ஒரு வூடு வேணும். வேற வூடுன்னா வாடக குடுக்கணும். அதனால ஒரு நாய வாங்கி, அத்த புடிச்சிக்கினு ரோட்ல நடங்க" என்றாள். யோசித்துப் பார்த்ததில் செலவு குறைந்த வழி அதுதான் என்று எனக்கும் பட்டது. அங்கேதான் முதல் தப்பு.

முதலில் காப்பகத்துக்குத்தான் போனேன், சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று. இரும்பைக்குப் போகிற வழியில் இசைவாணி என்று ஓர் அம்மாள், அடிபட்டதும் அநாதையுமாக நாற்பது நாய்களை வைத்துக் காப்பாற்றுகிறார். கேட்கிறவர்களுக்குக் காசு வாங்காமல் குட்டி தருகிறார். பஸ்ஸில் போய், ஷேர் ஆட்டோ பிடித்து, மீதியை வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால் அவர் குட்டியைக் காட்டவில்லை, ஒரு ஃபாரத்தை நீட்டினார். நாலு பக்கம், முப்பத்திரண்டு கேள்வி. காம்பவுண்டு சுவர் எத்தனை அடி, மாடிப்படியில் கம்பி உண்டா, நாய் எங்கே தூங்கும், என்ன சாப்பிடும், எத்தனை மணிக்குச் சாப்பிடும், தீபாவளிக்கு வெடி வெடிக்கும்போது யார் பக்கத்தில் உட்காருவார்கள். இதுபோகத் தான் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் முடிவு சொல்வாராம். நான் உன் அக்காவைக் கட்டும்போது உன் அப்பா என்னிடம் கேட்டதே ஒரே ஒரு கேள்விதான்: "பென்ஷன் உண்டுங்களா?"

"ஏம்மா, சும்மா குடுக்குற நாய்க்கு இன்டர்வியூவா?" என்றேன்.

"சும்மா குடுக்குறதாலதாங்க ஐயா கேக்கறேன். காசு போட்டு வாங்குனவன் கொஞ்ச நாளாவது வெச்சிருக்கான். சும்மா கெடச்சவன் ஒரு வாரத்துல ரோட்ல வுட்டுட்டுப் பூடறான்" என்றார் அவர். நல்ல பதில்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பதினெட்டு கேள்வி வரை எழுதினேன். பத்தொன்பதாவது கேள்வி: வீட்டில் கணவன் மனைவிக்குள் சண்டை வருமா, வந்தால் எவ்வளவு நேரம்? எனக்கு வந்ததே கோபம். "நான் முப்பத்தொரு வருஷம் கேள்வி கேட்டவம்மா, பதில் சொன்னவன் இல்ல" என்று பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் இதைச் சொல்ல, அவள் அந்தம்மா பக்கம் பேச, நாற்பத்தைந்து நிமிஷம் சண்டை போட்டோம்.

அந்த ரோஷத்தில்தான் கண்டமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கோதண்டபாணி என்கிறவரிடம் போனேன். ஜாதி நாய் வளர்த்து விற்கிறவர். கேட்டில் போர்டு, உள்ளே மின்விசிறி, உட்கார நாற்காலி, குடிக்க மோர். ஒரே ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "லாப்ரடாரு சார், ப்யூர் லாப்ரடாரு. அப்பன் பெங்களூர்ல சாம்பியன்" என்று போனில் ஒரு நாயின் படத்தைக் காட்டினார். நல்ல கம்பீரமான நாய். அதற்கும் குட்டிக்கும் முகஜாடை இருக்கிறதா என்று பார்த்தேன், இருப்பதுபோல் தோன்றியது. பதினாறாயிரம் சொன்னார். நான் பஸ் ஸ்டாண்டில் பழம் பேரம் பேசுகிறவனாயிற்றே, பேசிப் பேசிப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு இறக்கிவிட்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் ரசீதும் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். உன் அக்காவிடம் மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று சொன்னேன். மச்சான், இது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும்.

அன்றைக்கு விழுப்புரம் வழியாகத்தான் திரும்பினேன். பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு நிமிஷம் நின்றும் உன் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை என்றால், கைப்பையில் இருந்த ஆள் விட்ட கூச்சல்தான் காரணம், மன்னித்துக்கொள். கண்டக்டர் என்னைப் பார்த்ததும், "சாருக்குப் போயி லக்கேஜ் போடுறதா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சட்டம் சட்டம்தான் என்று நானே வற்புறுத்தி லக்கேஜ் டிக்கெட் வாங்கினேன். அந்த டிக்கெட்டைத்தான் குட்டி முதலில் தின்றது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் அதையே என் செருப்பின்மேல் திருப்பிக் கொடுத்தது. திண்டிவனம் வரும் வரை ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் கத்திக்கொண்டே வந்ததால் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தேன். இப்போது ரோட்டில் கூட்டிப்போனால் ஒரு கம்பம் விடாமல் நிற்கிறான். "பேருதான் எக்ஸ்பிரசு, ஓடுறது டவுன் பஸ்ஸு" என்கிறாள் உன் அக்கா.

வந்த ஐந்தாவது நாள் அவன் இடது காது எழுந்து நின்றது. லாப்ரடாருக்குக் காது தொங்கும் என்று எனக்கே தெரியும். வலது காது எழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கோதண்டபாணிக்குப் போன் போட்டேன். "அது ஒண்ணியும் இல்ல சார், நல்ல வூட்ல வளர்ற லாப்ரடாருக்குத் தைரியத்துல காது நிக்கும்" என்றார். நானும் பெருமையாக இருந்தேன். மறுநாள் காலை 6.10க்கு அவன் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். எட்டு மணிக்கு வாந்தி. அப்புறம் நிற்கவே முடியவில்லை. தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் அரங்கநாதன் பொறுமையான மனுஷர். பார்வோ என்றார். குட்டிகளுக்கு வருகிற வயிற்று நோய், பாதிக்குப் பாதிதான் பிழைக்கும் என்றார். தடுப்பூசி போட்டதா என்று கேட்டார். போட்டாகிவிட்டது என்று கோதண்டபாணி சொன்னதைச் சொன்னேன். "எந்த லாப்ரடாருக்குப் போட்டாராம்? இது நம்மூரு நாய் சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நாய் சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

மச்சான், வேறு சமயமாக இருந்தால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு நான் ஏமாந்த கதைக்கு அன்றைக்கே கண்டமங்கலம் போய்க் கத்தியிருப்பேன். அன்றைக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. அவன் காலில் ஊசி குத்திப் பாட்டில் தொங்கவிட்டார்கள், உன் அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் போய் மாலையில் திரும்புவது, மறுபடி காலையில் போவது என்று நாலு நாள். வெளியில் எழுதிக் கொடுத்த ஊசியும் மருந்துமாக ஆறாயிரத்து இருநூறு ஆனது. உன் அக்கா இவனோடு ஆறு நாள்கூடப் பழகவில்லை, ஆனாலும் அந்தோணியாரிடம் சத்தமாகவே வேண்டிக்கொண்டாள்: "இவன் பொழச்சா, கொடியிறக்கத்தன்னிக்கு உனக்கே வித்து வாங்கறேன் அந்தோணியாரே." நாலாம் நாள் மாலை 4.52க்கு அவன் தலையைத் தூக்கி, உன் அக்கா உள்ளங்கையில் ஊற்றிய தண்ணீரை நக்கினான். நான் நேரத்தைக் குறித்தேன். குறித்ததையே மறுபடியும் குறித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரே நேரத்தை இரண்டு தரம் குறித்தது அன்று ஒருநாள்தான்.

விற்று வாங்குவது என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வயதில் மாந்தம் வந்து கிடந்த உன்னையே உன் அம்மா அந்தோணியாருக்கு விற்று ஒன்றேகால் ரூபாய்க்குத் திரும்ப வாங்கினார். அன்றைக்கு உன்னை எடுக்கப் போட்டிக்கு யாரும் வரவில்லை என்று இன்றைக்கும் உன் அக்கா சொல்லிச் சிரிக்கிறாள். கலையரசி வேற்றூர்ப் பெண், அவளுக்காக எழுதுகிறேன், படித்துக் காட்டு. நோயில் பிழைத்த பிள்ளையைத் திருவிழா முடிவில் கொடியிறக்கத்தன்று, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த நிமிஷம் முதல் அது அந்தோணியார் பிள்ளை. காணிக்கைப் பொருளை ஏலம் விடும்போது அதையும் ஏலத்தில் தூக்கிக் காட்டுவார். பெற்றவர்கள் ஒப்புக்குப் பதினோரு ரூபாய் கேட்பார்கள். ஊரே வாயை மூடிக்கொண்டு இருக்கும். மூன்று தரம் சொல்லித் திரும்பக் கொடுத்துவிடுவார். ஒரே ஒரு கட்டுப்பாடு, கைமாறும் வரை பெற்றவர்கள் 'இது எங்களுடையது' என்றோ, ஊரார் 'இது அவர்களுடையது' என்றோ வாயால் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கொடுத்தது கொடுத்ததாகாது, நேர்ச்சை முறிந்துபோகும். நாயை வைத்து இதைச் செய்யலாமா என்று சாமியாரைக் கேட்டேன். "அந்தோணியாரு மீனுக்கே பிரசங்கம் பண்ணவரு, நாயத் தள்ள மாட்டாரு" என்று சொல்லிவிட்டார்.

கொடியிறக்கத்தன்று மாலை எக்ஸ்பிரசைக் குளிப்பாட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொண்டுபோனோம். அந்தோணியார் கோயில் முற்றத்தில் ஏலம். ஒரு கடா, காலைக் கட்டித் தலைகீழாகப் பிடித்த நாலு கோழி, ஒரு மூட்டை உரிக்காத மல்லாட்டை, பூசணிக்காய், தென்னங்கன்று, நடுவில் உபதேசியார் பிரான்சிஸ் கையில் இவன். முன்வரிசையில் நானும் உன் அக்காவும். கோழி நாலும் போன பிறகு உபதேசியார் இவனைத் தூக்கிக் காட்டி, "அந்தோணியாரு குட்டி ஒண்ணு! கேக்கறவங்க கேக்கலாம்!" என்றார். நான் எழுந்து சட்டையைச் சரிபண்ணிக்கொண்டு, "பதினோரு ரூபா" என்றேன். "பதினோரு ரூபா ஒரு தரம், ரெண்டு தரம்…"

"ஐந்நூறு!"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். ஊரே திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். யார் என்கிறாய்? இரும்பை இசைவாணி. வெறிநாய் தடுப்பூசி முகாமுக்குக் கோயில் மண்டபத்தைக் கேட்கச் சாமியாரைப் பார்க்க வந்தவராம். வந்த இடத்தில் கடாவுக்கும் கோழிக்கும் நடுவில் எலும்பும் தோலுமாக ஒரு நாய்க்குட்டியைப் பதினோரு ரூபாய்க்கு ஏலம் போடுகிறார்கள், அதை எடுக்க நிற்பது ஃபாரத்தைப் பாதியில் போட்டுவிட்டுப் போன முன்கோபக்காரன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கத்தியிருப்பேன்.

உபதேசியார் என்னைப் பார்த்தார், நான் உபதேசியாரைப் பார்த்தேன். அவர் நல்லவர். ஆனால் இரண்டு வருஷமாகக் கோயில் கூரைக்குத் தகர ஷீட் போடக் காசு தேறவில்லை. ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். திறந்து, "ஐந்நூறு ரூபா ஒரு தரம்!" என்றார்.

'அம்மா, இது எங்கள் நாய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். என் வாய் திறந்தும்விட்டது. உன் அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. "நம்முதுன்னு சொல்லிடாதீங்க! நேர்ச்ச முறிஞ்சிடும்! அவன் உசிரு!" என்று பல்லிடுக்கில் சொன்னாள். நேர்ச்சை முறிந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், டாக்டர் ஊசியில்தான் அவன் பிழைத்தான் என்றும் தெரியும். ஆனால் அந்த 4.52 இருக்கிறதே, அதோடு விளையாட எனக்குத் தைரியம் வரவில்லை. "அறுநூறு" என்றேன். அந்தம்மா ஆயிரம் என்றார். நான் ஆயிரத்து நூறு. அவர் இரண்டாயிரம். ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஒருவராவது அந்தம்மா காதில் போடவேண்டுமே! சொன்னால் நேர்ச்சை தங்கள் வாயால் முறிந்த பாவம் வருமே என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சில பேர் தோள் குலுங்குகிறது. மூவாயிரம் ஆனபோது உன் அக்கா, "ஏங்க, நாம வாங்குனதே ரெண்டாயிரத்து ஐந்நூறுதான? வெல மேல பூடுச்சே" என்றாள். "பேசாம இரு" என்றேன். என் கணக்கில் இன்னும் ஒன்பதாயிரத்து ஐந்நூறு பாக்கி இருந்தது.

நான் ஒன்பதாயிரத்து ஐந்நூறு சொன்னபோது அந்தம்மா மேலே கேட்கவில்லை. விடுவிடுவென்று நடந்து முன்னால் வந்து, என் எதிரில் நின்றார்.

"ஐயா, ஃபாரத்த வுட்டுட்டு எழுந்து போனவரு நீங்கதான?"

"ஆமா."

"சும்மா குடுக்கறேன்னப்ப வேணாம்னு போனீங்க. இத்தினி காசு குடுத்து இத்த வாங்கிக்கினு போயி என்ன பண்ணப் போறீங்க? எங்க படுக்க வெப்பீங்க?"

"என் கட்டிலுக்குக் கால்மாட்டுல. சாக்குல படுக்காது, எங்க வூட்டம்மா பழைய சீலைதான் வேணும்."

"என்னா சாப்பாடு?"

"கேப்பைக் கூழு, உப்பு போடாம. வேகவெச்ச கோழி, எலும்பு எடுத்துட்டு. 6.05, 12.20, 7.45. ஒரு நிமிஷம் தள்ளுனா தட்டக் கவுத்துடும்."

"வெடி சத்தத்துக்கு?"

"நேத்து வேட்டுக்கே நான் கட்டிலுக்கு அடியில அத்தோட படுத்துக்கினு இருந்தேன்."

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வூட்ல சண்ட வருமா?" என்று கேட்டார். அந்தப் பத்தொன்பதாவது கேள்வி, மச்சான். சபை நடுவில், சாமியார் முன்னால். எனக்கு முன்னால் உன் அக்கா எழுந்தாள். "வரும்மா. வராம இருக்குமா இவரு கூட? ஆனா ஒரு மாசமா கொறஞ்சிடுச்சி. இவரு குரல ஒசத்துனா ஒருத்தன் பேஜாராயி மூலைல போயி ஒக்காந்துக்கறான், அதனால ரெண்டு பேரும் மெதுவா திட்டிக்கறோம்" என்றாள். ஒருத்தன் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

என் குரலைக் கேட்டதிலிருந்தே உபதேசியார் கையில் நெளிந்துகொண்டிருந்தான் எக்ஸ்பிரஸ். இப்போது முழுசாகத் திரும்பி, ஒரு காதைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான் பார். எத்தனை ஆயிரம் வண்டிகளை இந்தக் கையால் அனுப்பிவைத்திருக்கிறேன், ஒரு வண்டியாவது என்னைத் திரும்பிப் பார்த்ததுண்டா? என் கண் கலங்கியதை ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

அந்தம்மாவுக்கு வழக்கம் தெரியாது, ஆனால் நாய் தெரியும். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவருக்கே குடுத்துடுங்க" என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏங்க ஐயா, இத்தயே அன்னிக்கு எழுதியிருந்தா காசு இல்லாம வூட்டுக்கு ஒரு நாயி வந்துருக்குமே" என்றார். உபதேசியார், எங்கே நான் மனசு மாறிவிடுவேனோ என்று ஜல்தியாக மூன்று தரம் சொல்லிக் குட்டியை என் கையில் போட்டார். மணி 6.48.

ஆகக் கேட்டுக்கொள். வாங்கியது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, ஆஸ்பத்திரி ஆறாயிரத்து இருநூறு, என் நாயையே நான் வாங்கியது ஒன்பதாயிரத்து ஐந்நூறு, போன் ஆயிரத்துத் தொள்ளாயிரம். முப்பதாயிரத்து நூறு ரூபாய். ஜாதி நாய்க்குக் கொடுத்த காசில் நாட்டு நாயும், நாட்டு நாய்க்குக் கொடுத்த காசில் கோயிலுக்குக் கூரையும் வந்திருக்கிறது. கூரை நன்றாக இருக்கிறது, நேற்று மழையில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். குக்கர் எத்தனை மணிக்கு விசில் அடிக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியாது, அந்த நேரத்தில் நானும் அவனும் பஸ் நிலையம் வரை போய், புதிதாக வந்திருக்கும் டைம் கீப்பருக்குத் தப்பு சொல்லிவிட்டு வருகிறோம். மூவரும் நிம்மதியாகத்தான் இருக்கிறோம். ஆனால் அது வேறு, உனக்கு நான் சொல்லும் புத்தி வேறு. நாய் வேண்டாம். விற்கிறவரிடம் போனால் கேள்வி கேட்காமல் ஏமாற்றுவான், காப்பகத்தில் போனால் கேள்வி கேட்டே கண்ணில் தண்ணீர் வரவைப்பார்கள். உனக்கு இரண்டும் தாங்காது. மீன் தொட்டி வாங்கு.

கலையரசியின் முழங்கால் வலிக்கு அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்கிறோம், ஆனால் ஏலம் எதுவும் பேசவில்லை. உங்கள் இருவருக்கும் உன் அக்காவின் ஆசீரும், என் ஆசீரும், எக்ஸ்பிரசின் வலது முன்னங்கால் அடையாளமும் இத்துடன் உண்டு. கீழே மைபோல் தெரிவது மை அல்ல, வாழை மரத்துச் சேறு.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
ச. சவரிநாதன்,
டைம் கீப்பர் (ஓய்வு).

பின்குறிப்பு (காலை 11.25): கடிதத்தை மடிக்கும்போது வாசலில் ஆள். இசைவாணி அம்மாள், எக்ஸ்பிரஸ் எப்படி இருக்கிறான் என்று சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்திருக்கிறார். கையில் மூடி போட்ட கூடை. கோதண்டபாணி விலைபோகாத மூன்று குட்டிகளைக் கண்டமங்கலம் ரோட்டில் விட்டுவிட்டாராம், புதுச்சேரி வேலைக்குப் போகிறவர்கள் யாரோ பார்த்துச் சொல்லி இவர் போய் எடுத்திருக்கிறார். இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. மூன்றாவது எங்கள் எக்ஸ்பிரசின் கூடப்பிறந்தவன். இவனுக்கு வலது காது நிற்கிறது, இடது யோசிக்கிறது. தடுப்பூசி போட்டாகிவிட்டது, நானே சீட்டைப் பார்த்தேன். காசு கிடையாது. உன் பெயரில் முப்பத்திரண்டு கேள்விக்கும் நான் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பதுக்கு, 'வரும், ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்' என்று எழுதியிருக்கிறேன், நீயும் கலையரசியும் அதையே சொல்லவும். ரசீது துவைக்கும்போதே கிடைத்துவிட்டது, இரண்டாயிரத்து ஐந்நூறு கதை முதல் வாரமே தெரியும், கோயிலில் கேட்டது சும்மா வேடிக்கைக்கு என்று இதைப் படித்த உன் அக்கா எழுதச் சொல்கிறாள்.

கண்டக்டரிடம் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு இப்போது உன் எதிரே உட்கார்ந்திருப்பது இசைவாணி அம்மாள்தான். மேலே நான் எழுதியதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போனது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காதே. கூடையைத் திற. திறக்கும்போது மணி எத்தனை என்று மறக்காமல் குறித்து வை, பின்னால் தேவைப்படும்.